முடிச்சூர் மனை: ஒப்புதல் இருந்தால் போதுமா?

சென்னை தாம்பரத்தை அடுத்த முடிச்சூர்ப் பக்கம் பார்த்துள்ள மனைக்கு சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) ஒப்புதல் இருக்கும்போது வெள்ள அச்சம் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். அந்த ஒப்புதலை மட்டும் நம்பிவிட வேண்டாம். நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றைக் கேட்டு வாங்கி, மனையை எந்த மட்டம் வரை உயர்த்தச் சொல்லியிருக்கிறார்கள் என்று படியுங்கள் (தரகர்கள் இந்தத் தாளை மட்டும் எளிதில் காட்டுவதில்லை). ஒவ்வொரு புல எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் கிராம அ-பதிவேட்டில் அந்தப் புல எண் நஞ்சையாகவோ (பாசன வயல்), ஒட்டிய எண் வாய்க்கால் புறம்போக்காகவோ (வாய்க்காலுக்கான அரசு நிலம்) இருந்தால், அருகிலுள்ள ஏரியின் கலங்கலில் (நிரம்பிய நீர் வழிந்து வெளியேறும் இடம்) தொடங்கி உபரிநீர் அடையாற்றைச் சேரும் வழியை நடந்தே பாருங்கள். இடையில் கால்வாய் இரண்டடிச் சாக்கடையாகச் சுருங்கியிருந்தால், மிச்ச நீர் தெருவில்தான் ஓடும். 2015 டிசம்பரில் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது என்று அங்கே நெடுங்காலம் குடியிருப்பவர்களிடம் கேளுங்கள். சுவரில் கை வைத்தே காட்டுவார்கள்.