பத்தொன்பது மெஷின் வீட்டில், அண்ணனுக்கு வாடகை மெஷின்

கேள்வி: எனக்கு வயது 46. பேராவூரணி பக்கம் தென்னந்தோப்பும் ஒரு உரக்கடையும் இருக்கின்றன. கஜா புயலில் விழுந்த மரங்களை அறுக்க, நிவாரணப் பணத்தில் ஒரு செயின்சா வாங்கினோம். அப்போது தோப்பு பிரியவில்லை. அதிலிருந்து எனக்கு இந்த மெஷின்கள் மேல் பைத்தியம். இன்று 19 வைத்திருக்கிறேன். ஸ்டில், ஹஸ்க்வர்னா, கொச்சிப் பக்கம் பழைய இரும்புக் கடையில் எடுத்த மெக்கல்லக் வரை எல்லாவற்றையும் துடைத்து எண்ணெய் போட்டு முன்னறையில் அடுக்கியிருக்கிறேன். எதையும் மரத்தில் வைப்பதில்லை. வீடெல்லாம் பெட்ரோல் வாடை என்று மனைவி தினமும் சண்டை. மாடியில் தகரக் கொட்டகை போட 1,80,000 ரூபாய் ஆகுமாம்; அதற்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள். கூடப் பிறந்த அண்ணனுக்கே இதன் அருமை தெரியவில்லை. தோப்பில் மரம் விழுந்தால் வாடகைக்கு மெஷின் பிடித்து அறுக்கிறவர் அவர். மனைவிக்கு எப்படிப் புரிய வைப்பது? மெஷின்களை எப்படிப் பத்திரப்படுத்துவது?

- பெயர் வேண்டாம், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: இந்த மாதிரிக் கடிதம் எனக்கு மாதம் ஒன்றாவது வரும். மெஷினுக்குப் பதில் பழைய ரேடியோ இருக்கும், பித்தளைப் பூட்டு இருக்கும். ஒருவர் நாற்பது சைக்கிள் வைத்திருந்தார். எல்லோரும் கடைசியில் மனைவிக்கு எப்படிப் புரிய வைப்பது என்றுதான் கேட்பார்கள். உங்கள் மனைவிக்கு நன்றாகவே புரிந்திருக்கிறது. அந்தப் பேச்சை இதோடு விடுங்கள்.

பத்திரப்படுத்துவதை முதலில் முடித்துவிடுகிறேன். சித்திரை வெயிலில் மாடித் தகரத்துக்கு அடியில் பெட்ரோல் மெஷின்களை வைக்கப் போகிறேன் என்று சொல்லும் மனிதரிடம் என்ன பேசுவது? ஓடாத மெஷினின் டாங்கில் பெட்ரோலே இருக்கக் கூடாது. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும், கார்புரேட்டருக்குள் இருக்கும் ரப்பரைக் கெடுக்கும். டாங்கைக் காலி செய்து, மிச்சம் தீர்ந்து தானாக அணையும்வரை ஓட விடுங்கள். செயின் சுற்றி ஓடும் நீளத் தகட்டையும் (பார்) செயினையும் கழற்றித் தூள் போகத் துடைத்து எண்ணெய் தடவுங்கள். ஆயில் கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் கேனில் வைக்க வேண்டாம்; அந்தக் கேனும் வீட்டுக்குள் வேண்டாம். இதைச் செய்தாலே வாடை பாதி போய்விடும். கொட்டகை தேவையில்லை. 1,80,000 ரூபாய் உங்கள் மனைவிக்கும் சேர்ந்த பணம், அதில் கை வைக்காதீர்கள்.

சரி, இனி நான் சொல்ல வந்தது. உங்கள் அண்ணன் வாடகைக்கு மெஷின் பிடிக்கிறார்.

பத்தொன்பது மெஷினின் கம்பெனி பெயரையும் ஞாபகம் வைத்திருக்கும் நீங்கள், இதை ஏதோ அவருடைய ரசனைக் குறைவு மாதிரி போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். தம்பி, அதே வரியைத் திருப்பிப் படியுங்கள். தம்பி வீட்டு முன்னறையில் பத்தொன்பது இருக்கிறது. அண்ணன் காசு கொடுத்து இருபதாவதைக் கூப்பிடுகிறார். வாடகைக்கு வந்த மெஷின்காரரும் ஊர்க்காரராகத்தானே இருப்பார்? உங்கள் வாசலைத் தாண்டித்தானே அண்ணனுடைய தோப்புக்குப் போயிருப்பார்? அவர் என்ன நினைத்துக்கொண்டு போனார் என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா?

அந்த முதல் மெஷினுக்கு வருவோம். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா அடித்து ஓய்ந்த பிறகு, விழுந்த தென்னை ஒன்றுக்கு அரசு 1,100 ரூபாய் அறிவித்தது. மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500. தோப்பு பிரியாத நேரம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அந்த 500 எத்தனை வந்திருந்தாலும் பாதி அண்ணனுடையது. அந்தப் பணத்தில்தான் மெஷின் வந்தது. "வாங்கினோம்" என்றுதான் தொடங்கியிருக்கிறீர்கள். இரண்டு வரி தள்ளி "வைத்திருக்கிறேன்" ஆகிவிட்டது. நடுவில் என்ன நடந்தது? பாகம் பிரித்தபோது கிணற்று மோட்டார் யாருக்கு, தேங்காய்க் கொட்டகை யாருக்கு என்றெல்லாம் பேசியிருப்பீர்கள். மெஷினைப் பற்றி யாரும் பேசியிருக்க மாட்டீர்கள். இருந்த இடத்தில் இருக்கட்டும் என்று பெரியவர் விட்டிருப்பார். பெரியவர்கள் இப்படித்தான் விடுவார்கள், சின்னவர்கள் அதை மறந்துபோவார்கள்.

அண்ணன் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே என்று இப்போது முணுமுணுக்கிறீர்கள். எனக்கு அதில் சந்தேகம். "எதையும் மரத்தில் வைப்பதில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அது யாரிடமோ ஏற்கெனவே சொல்லிப் பழகிய வாக்கியம் மாதிரி இருக்கிறது. ஒரு தடவை அவரிடம்தான் சொன்னீர்களோ? அப்படி இருந்தால் அவர் இரண்டாவது தடவை வர மாட்டார். தம்பி இல்லை என்று சொல்லிக் கேட்பதைவிட, வெளியாளுக்குக் காசு கொடுப்பது அவருக்கு மானம்.

நான் வளர்ந்த தெருவில் பாதாளக் கரண்டி எங்கள் வீட்டில் மட்டும்தான் இருந்தது. கிணற்றில் வாளி விழுந்தால் அதற்காக வருவார்கள். சும்மா வாங்கிப் போகக் கூடாது, ஒரு செம்பையோ குடத்தையோ வைத்துவிட்டுத்தான் எடுத்துப் போக வேண்டும். எங்களுக்கும் சித்தப்பா வீட்டுக்கும் ஒரு வரப்புத் தகராறில் மூன்று வருஷம் பேச்சு இல்லை. அந்த நாளிலும் சித்தி செம்போடு வந்து திண்ணையில் வைப்பாள். அம்மா உள்ளேயிருந்து கரண்டியைக் கொண்டுவந்து அதே திண்ணையில் வைப்பாள். ஒரு வார்த்தை இருக்காது. சாயங்காலம் கரண்டி திரும்பி வரும், செம்பு திரும்பிப் போகும். பேச்சு நின்றாலும் சாமான் நிற்காது. உங்கள் வீட்டில் அண்ணனோடு பேச்சு இருக்கிறது, சாமான் நின்றுவிட்டது. எனக்கு இது அதைவிட மோசமாகப் படுகிறது.

கடிதத்தோடு தனித் தாளில் செயின்சா வரலாறு வேறு எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். படித்தேன், நன்றாகவே எழுதுகிறீர்கள். ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் 1929இல் செய்த பெட்ரோல் ரம்பம் 46 கிலோ, அதைப் பிடிக்க இரண்டு ஆள் வேண்டும், அந்தக் கம்பெனியின் ஒற்றை ஆள் பெட்ரோல் மெஷின் 1950இல்தான் வந்தது. எல்லாம் சரி. அமெரிக்காவின் ஓரிகன் காட்டில் ஜோ காக்ஸ் என்கிற மரம்வெட்டி, மரத்தைக் குடையும் ஒரு புழு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் தின்று போவதைப் பார்த்து, அதே மாதிரிப் பல் வைத்த செயினை 1947 வாக்கில் கொண்டுவந்ததையும் எழுதியிருக்கிறீர்கள். அவர் மரம் வெட்டிப் பிழைத்த ஆள். மழுங்கின செயினோடு தானும் கூட இருந்தவர்களும் படும் பாட்டைப் பார்த்துத்தான் அந்தப் பல்லைச் செய்தார். உங்கள் வீட்டுப் பத்தொன்பதிலும் ஓடும் செயின் அநேகமாக அவர் வழியில் வந்ததுதான். அதை முன்னறையில் துடைத்து வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்?

சேர்ப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. மெக்கல்லக்கை வைத்துக்கொள்ளுங்கள், உதிரி கிடைக்காத பழசு நாலைந்தும் இருக்கட்டும். நல்ல ஓட்டத்தில் இருப்பவை தோப்புக்குப் போக வேண்டும். அந்த முதல் மெஷின் கட்டாயம் போக வேண்டும், அதுவும் அண்ணன் வீட்டுக்கு.

ஆள் மூலம் கொடுத்தனுப்பாதீர்கள். போன் செய்து "வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று பெரிய மனுஷத்தனமும் காட்டாதீர்கள். அடுத்த தடவை மரம் விழுந்தது என்று காதில் விழுந்ததும் மெஷினைத் தூக்கிக்கொண்டு நீங்களே போங்கள். அண்ணி காபி கொடுத்தால் குடியுங்கள். வாடகை என்று அண்ணன் பேச்செடுத்தால் திட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பணம் வாங்காதீர்கள். வேலை முடிந்ததும் மெஷினை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

கிளம்பும் முன் செயினை மாற்றிவிடுங்கள். கஜா மரங்களை அறுத்த பழைய செயின் அது, தென்னை நாரிலும் மண்ணிலும் இரண்டு துண்டு அறுப்பதற்குள் மழுங்கிவிடும்.