சிரட்டைக் (கொட்டாங்குச்சிக்) கரியும் ஆக்டிவேட்டட் கார்பனும் ஒன்றுதானா? வீட்டில் சுட்ட கரியைத் தண்ணீர் பில்டரில் போடலாமா?

இரண்டிலும் இருப்பது கார்பன்தான். ஆனாலும் போடாதீர்கள்.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் சிரட்டைக்கா பஞ்சம்? துருவி முடித்தால் அடுப்புக்குப் போகும், இல்லையென்றால் கரி சுடுகிறவர்களிடம் போகும். குழியிலோ டிரம்மிலோ போட்டுத் தீ வைத்து, பற்றியதும் காற்று புகாமல் மூடுவார்கள். ஈரம் போகும்வரை கண்ணைக் கரிக்கும் வெள்ளைப் புகை வரும். அது மெலிந்து நீலமானால் பதம் வந்துவிட்டது என்று அர்த்தம். மூன்று கிலோ சிரட்டைக்கு ஒரு கிலோ கரி தேறினாலே பெரிய விஷயம்.

இது வெறும் கரி. உள்ளே துளைகள் குறைவு, இருப்பதிலும் தார் அடைத்திருக்கும். ஆலையில் இதே கரியை ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் சூட்டில் நீராவியோடு சேர்ப்பார்கள். நீராவி கார்பனைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து, கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனுமாக வெளியேறும். அரித்த இடமெல்லாம் துளை. இப்படி ஆக்கிய சிரட்டைக் கரியில் பெரும்பாலும் 2 நானோமீட்டருக்கும் குறைவான துளைகள். அந்தச் சுவர்களின் பரப்பைக் கூட்டினால் ஒரே ஒரு கிராமுக்குச் சுமார் 1000 சதுர மீட்டர் வரும். நம்மூர்க் கணக்கில் கிட்டத்தட்ட 25 சென்ட் மனை! 'ஆக்டிவேட்டட்' என்று சொல்வது இந்தப் பரப்பைத்தான்.

தண்ணீரிலுள்ள குளோரின் அந்தச் சுவர்களில் கார்பனோடு வினைபுரிந்து குளோரைடாக மாறிவிடும்; நாற்றம், பல கரிம மாசுகள் எல்லாம் அங்கே ஒட்டிக்கொள்ளும். இப்படி ஒட்டுவதைத்தான் பாடப்புத்தகத்தில் பரப்புக் கவர்ச்சி என்று படித்திருப்பீர்கள். முதல் உலகப்போரில் விஷவாயு முகமூடிக்கு ஆனதும், இன்று தங்கச் சுரங்கங்களில் சயனைடு கரைசலிலிருந்து தங்கத்தைப் பிடிப்பதும் இந்தச் சிரட்டைக் கார்பன்தான். வாங்கும்போது 'அயோடின் எண்' கேளுங்கள். ஒரு கிராம் எத்தனை மில்லிகிராம் அயோடினைப் பிடிக்கும் என்ற அளவு அது; 1000 பக்கம் இருந்தால் நல்ல சரக்கு.

குளச்சல் பக்கம் கடலோரத்தில் வீடு, கிணறு உப்பு, அதற்காகத்தான் கேட்கிறீர்கள் என்றால் காசை வீணாக்காதீர்கள். கரைந்த உப்பையும் கடினத்தன்மையையும் கார்பன் தொடாது. டிடிஎஸ் மீட்டரை (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் கருவி) முன்னும் பின்னும் முக்கிப் பாருங்கள், எண் அப்படியேதான் நிற்கும். அதற்கு மெம்பிரேன் என்கிற சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்தி உப்பைப் பிரிக்கும் ஆர்ஓ வேண்டும். ஆர்ஓ மெஷினிலும் கார்பன் இருக்கிறதே என்பீர்கள்; அது குளோரின் போய் மெம்பிரேனைக் கெடுக்காமலிருக்க முன்னால் வைப்பது. துளைகளில் மாசு நிரம்பிவிட்ட கார்பனில் கிருமிகள் குடியேறும், அதனால் கார்ட்ரிட்ஜைக் கம்பெனி சொன்ன கெடுவில் மாற்றிவிடுங்கள்.