'கார்ன் சிரப் இல்லை' என்றால் சர்க்கரை இல்லை என்று அர்த்தமா?

கேள்வி: எனக்குக் கும்பகோணம். பேரனைப் பார்த்துக்கொள்ள நியூஜெர்சியில் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். 'ஹை ஃப்ரக்டோஸ் கார்ன் சிரப்' என்று எழுதியிருக்கும் எதையும் மருமகள் வீட்டுக்குள் விடுவதில்லை. பிரெட், கெச்சப், ஜாம் எல்லாம் 'கார்ன் சிரப் இல்லை' என்று அச்சிட்டதாகப் பார்த்து வாங்குகிறாள். பான்கேக்குக்கு அகாவே சிரப், அதாவது கற்றாழை போன்ற ஒரு செடியின் சாற்றில் செய்யும் பாகு. ஐந்து வயதுப் பேரனுக்குத் தினம் இரண்டு டம்ளர் ஆரஞ்சு ஜூஸ். கார்ன் சிரப் அவ்வளவு கெடுதலா? ஊரிலிருந்து கொண்டுவந்த நாட்டுச் சர்க்கரையை நான் காபிக்குப் போட்டுக்கொள்ளலாமா? எனக்கு மூன்று மாத சர்க்கரை 6.1.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மருமகள் டப்பாவைத் திருப்பிப் படித்துப் பார்த்து வாங்குகிறாரே, அது பெரிய விஷயம். அவர் ஒதுக்குவதும் ஒதுக்க வேண்டியதுதான். ஆனால் அதற்குப் பதிலாக வீட்டுக்குள் வருவதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கார்ன் சிரப்பை மக்காச்சோள மாவுச்சத்திலிருந்து எடுக்கிறார்கள். மாவுச்சத்தைக் குளுக்கோஸாக உடைத்து, அதில் ஒரு பகுதியை நொதி மூலம் ஃப்ரக்டோஸ் என்ற இன்னொரு வகைச் சர்க்கரையாக மாற்றுவார்கள். குளிர்பானங்களில் சேர்ப்பதில் சுமார் 55 சதவீதம் ஃப்ரக்டோஸ். நம் வீட்டுச் சீனியில் பாதிக்குப் பாதி. வித்தியாசம் அவ்வளவுதான். அமெரிக்காவில் கரும்புச் சர்க்கரை இறக்குமதிக்குக் கட்டுப்பாடு. சோளமோ கொட்டிக் கிடக்கிறது. விலை மலிவு, திரவமாக இருப்பதால் கலப்பதும் சுலபம். 1984 வாக்கில் பெரிய குளிர்பான நிறுவனங்கள் இதற்கு முழுதாக மாறின. அப்புறம் பிரெட், சாஸ், தயிர் என்று இனிப்பே தேவைப்படாத பண்டங்களிலும் இது நுழைந்தது. கெடுதல் பெரும்பாலும் அங்கேதான் வந்தது. 1999க்குப் பிறகு அமெரிக்கர்கள் இந்த சிரப்பைச் சாப்பிடுவது குறைந்துகொண்டே வந்திருக்கிறது. ஆனால் உடல் பருமன் குறையவில்லை.

அடுத்த முறை கடைக்குப் போனால் இரண்டு கெச்சப் பாட்டில்களை எடுத்துப் பாருங்கள், ஒன்று சிரப் போட்டது, இன்னொன்று 'சிரப் இல்லை' என்பது. பெரும்பாலும் இரண்டிலும் ஒரு மேஜைக்கரண்டிக்கு 4 கிராம் சர்க்கரை என்றுதான் இருக்கும். மேஜைக்கரண்டி கெச்சப்பின் எடையே 17 கிராம்தான். கிட்டத்தட்ட கால்வாசி சர்க்கரை! கரும்புச் சர்க்கரை போட்ட சோடாவும் அப்படியே. சாதாரண 355 மில்லி கோலா டின்னில் 39 கிராம், ஏறக்குறைய பத்து டீஸ்பூன். எந்தச் சர்க்கரையில் செய்தாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது.

அகாவே சிரப்பை நிறுத்தச் சொல்லுங்கள். கார்ன் சிரப்பைவிட அதில் ஃப்ரக்டோஸ் அதிகம். ஃப்ரக்டோஸில் பெரும்பகுதியைக் கல்லீரல்தான் கையாள வேண்டும். அளவு மீறினால் அதில் ஒரு பகுதி கொழுப்பாகிறது. குடிக்கும் சர்க்கரை சீக்கிரம் ரத்தத்தில் ஏறும், வயிறும் நிறையாது. எனக்கு மிகவும் கவலை தருவது பேரனின் ஜூஸ்தான். சர்க்கரையே சேர்க்காத ஆரஞ்சு ஜூஸிலும் ஒரு டம்ளருக்கு 20 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும். லேபிளில் 'சேர்த்த சர்க்கரை' பூஜ்யம் என்றுதான் காட்டும். ஆனால் உலகச் சுகாதார நிறுவனம் ஜூஸில் உள்ளதையும் குறைக்க வேண்டிய சர்க்கரைக் கணக்கில்தான் வைக்கிறது. இரண்டு முழு டம்ளர் என்றால் 40 கிராமைத் தாண்டிவிடும். இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குச் சேர்த்த சர்க்கரை நாளுக்கு 25 கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க இதயச் சங்கம். பழத்தை உரித்துச் சுளையாகக் கொடுங்கள். முதல் வாரம் அழுவான், முதலில் ஒரு டம்ளரைப் பாதியாக்கி மெல்லக் குறைத்துக்கொண்டு வாருங்கள். தாகத்துக்குத் தண்ணீர், பசிக்குப் பால்.

நாட்டுச் சர்க்கரை விஷயம் சுருக்கமாக. அதில் கொஞ்சம் இரும்புச்சத்து இருக்கிறது என்பது உண்மைதான், ஆனால் ஒரு டீஸ்பூனில் அது பெயருக்குத்தான். மீதி பெரும்பாலும் சர்க்கரைதான். 6.1 என்பது நீரிழிவுக்கு முந்தைய நிலை, 5.7 முதல் 6.4 வரை அந்தக் கணக்கு. ஆகவே காபிக்கு எந்தச் சர்க்கரையானாலும் அரை டீஸ்பூனுக்குக் கொண்டுவாருங்கள், பிறகு அதையும் விடப் பாருங்கள். டிகாஷனைக் கொஞ்சம் லேசாக்கினால் கசப்பு உறுத்தாது. ஊர் திரும்பியதும் மறுபடி பரிசோதனை செய்து உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். கல்லீரல் கொழுப்பு பற்றியும் அப்போதே கேளுங்கள்.

மருமகளிடம் இதைச் சொல்வதுதான் உங்களுக்குத் தயக்கமாக இருக்கும். குறை சொல்வதுபோல் ஆகாமல், "நீ லேபிள் படிப்பது எனக்குப் பிடித்திருக்கிறது, இந்த ஒரு வரியையும் பார்ப்போமா" என்று 'ஆடட் ஷுகர்ஸ்' என்ற வரியைக் காட்டுங்கள். அதன் பக்கத்தில் சதவீதம் இருக்கும்: 5க்குக் கீழ் என்றால் குறைவு, 20க்கு மேல் என்றால் அதிகம். இந்த வரி ஜூஸுக்கு மட்டும் உதவாது. அங்கே மொத்த சர்க்கரையைப் பார்க்கச் சொல்லுங்கள்.