ஜூன் விடுமுறையில் அப்பா அம்மாவோடு லாஸ் வேகாஸ் போகிறோம். அங்கிருந்து கலிபோர்னியா பாலைவனத்தில் இருக்கும் டெத் வேலிக்கு நாங்களே கார் ஓட்டிப் போகலாமா?

ஓட்டலாம். கோலாலம்பூரில் ஓட்டிப் பழகியவருக்கு இது கஷ்டமான சாலை இல்லை. ஆனால் ஜூன் வேண்டாம். பள்ளத்தாக்கின் அடியில் அப்போது 45 டிகிரி சர்வசாதாரணம். வயதானவர்களை ஏர்கோனில் உட்காரவைத்துக் கண்ணாடி வழியாகக் காட்டவா இவ்வளவு செலவு? முடிந்தால் டிசம்பர் பள்ளி விடுமுறைக்குத் தள்ளிப்போடுங்கள்.

எல்லாரும் வெயிலைச் சொல்லித்தான் பயமுறுத்துவார்கள். அங்கே அதிக உயிரை வாங்குவது எந்த வண்டியிலும் மோதாமல் தானாகவே கவிழும் கார்கள்தான். நமக்கு அந்த ஆபத்து கூடுதல். அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும்; ஸ்டியரிங் இடப்பக்கம் இருப்பதால் வலப்பக்கம் எவ்வளவு இடம் இருக்கிறது என்பது பிடிபடாது. வண்டி மெல்ல ஒதுங்கி, வலது டயர் சரளையில் இறங்கும். வெடுக்கென்று இழுத்தால் உருண்டுவிடும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தணிந்த பிறகு மேலே ஏறுங்கள். சிக்னல் கம்பியும் இடப்பக்கம்தான். அவசரத்தில் கை மாறி வைப்பர் ஓடினால் கீழே குனிந்து தேடாதீர்கள்.

வழியில் வரும் பரம்ப் ஊரிலேயே பெட்ரோலை முழுக்க நிரப்புங்கள்; உள்ளே விலை மிக அதிகம். பம்பில் அமெரிக்க அஞ்சல் எண் கேட்டு நம் கார்டை மறுத்தால், கவுண்டரில் முன்பணம் கட்டுங்கள். மேப்பையும் முன்கூட்டியே இறக்கிவிடுங்கள். உள்ளே பெரும்பாலும் லைன் கிடைக்காது.

முதலில் டான்டேஸ் வியூ என்ற மலையுச்சி, 1669 மீட்டர் உயரம். நேர் கீழே கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் தாழ்வாகப் பேட்வாட்டர் உப்புப் படுகை வெள்ளையாகக் கிடக்கும். இறங்கும்போது கெந்திங் மலை இறக்கம் மாதிரிதான்: கியரைக் குறையுங்கள், பிரேக்கிலேயே காலை வைக்காதீர்கள். வெயில் நாளில் ஏறும்போது எஞ்சின் சூடு கூடினால் ஏர்கோனை அணையுங்கள். அடுத்துப் பேட்வாட்டர். பின்னால் மலைச்சுவரில் உயரத்தில் கடல் மட்டத்தைக் காட்டும் பலகை இருக்கும், அண்ணாந்து பாருங்கள். ஆர்ட்டிஸ்ட்ஸ் டிரைவைத் திரும்பும்போது வைத்துக்கொள்ளுங்கள். தெற்கிலிருந்து வடக்கே போகும் ஒருவழிப் பாதை அது. பாறைகளின் இரும்புச் சிவப்பும் பச்சையும் மாலை வெயிலில்தான் எடுப்பாகத் தெரியும்.

‘பஸ் டூரே போதுமே’ என்பவர்கள் வருவார்கள். ஓட்டவே தெரியாதவர்களுக்குச் சரி. ஆனால் நம் ஊரில் விற்கும் சில பேக்கேஜ்களில் நட்டநடு மதியம் உப்புப் படுகையில் இறக்கி, இருபதே நிமிடத்தில் ஏற்றிவிடுகிறார்கள். பென்ஷன் பணத்தைச் சேர்த்துவைத்து வரும் பெரியவர்களுக்குச் செய்கிற அநியாயம் இது.

மலேசிய சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் சர்வதேச லைசன்ஸ் எடுத்துவிடுங்கள், வாடகைக் கார்க்காரர்கள் கேட்பார்கள். மண் சாலையில் இறங்க ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்றும் பாருங்கள்.

ஜூன் டிக்கெட்டை மாற்றவே முடியாதென்றால், ஆளுக்கு 4 லிட்டர் தண்ணீரோடு விடியுமுன் கிளம்புங்கள். பேட்வாட்டரைக் காலை பத்துக்குள் முடித்துவிட்டு, பிறகு டான்டேஸ் வியூ ஏறுங்கள். மேலே சுமார் 14 டிகிரி குறைவு. அப்பா அம்மா காரைவிட்டு இறங்கி நிதானமாக நின்று பார்க்கலாம்.