பகிர்ந்த பிரிண்டரை விண்டோஸ் 11, உபுண்டு கணினிகளில் இயக்குதல்

வணக்கம். திருகோணமலை உட்துறைமுக வீதியிலுள்ள உங்கள் அலுவலகத்தில், 32 பிட் விண்டோஸ் 7 கணினியிலிருந்து பகிர்ந்த லேசர் பிரிண்டரைப் புதிய விண்டோஸ் 11 கணினி ஏற்கவில்லை என்றும், லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவில் இயங்கும் கணினி பொருளற்ற எழுத்துகளைப் பக்கம் பக்கமாக அச்சிடுகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11, 64 பிட்டில் மட்டுமே இயங்குவதால், பழைய கணினி பகிரும் 32 பிட் டிரைவர் (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) அதற்குப் பொருந்தாது. உபுண்டுவில் நிகழ்வதோ, பெரும்பாலும், பிரிண்டருக்குப் புரியாத மொழியில் தரவை அனுப்பும் தவறான டிரைவரின் விளைவு.

பிரிண்டரில் லேன் (வலையமைப்புக் கேபிள்) இணைப்பு இருந்தால், பகிர்வதைக் கைவிட்டு அதை நேரே ரவுட்டரில் இணைத்து, மாறாத ஐபி முகவரி (வலையமைப்பில் பிரிண்டரை அடையாளம் காட்டும் எண்) ஒன்றை ஒதுக்குங்கள். பழைய கணினி அணைந்திருக்கும்போதும் எல்லோராலும் அச்சிட முடியும் என்பதால் இதையே நான் வலியுறுத்துவேன். பின்னர் விண்டோஸ் 11இல் அந்த முகவரியைக் கொடுத்து, தயாரிப்பாளரின் 64 பிட் டிரைவரை நிறுவுங்கள். பிரிண்டர் ஏர்பிரிண்ட் அல்லது ஐபிபி எவ்ரிவேர் என்னும் பொது அச்சு முறையை ஆதரித்தால், உபுண்டுவுக்குத் தனி டிரைவர் தேவைப்படாது.