தனிமத்தின் குறியீட்டைப் பார்த்ததும் பெயரைச் சொல்ல என்ன வழி? 118-ஐயும் மனப்பாடம் செய்யத்தான் வேண்டுமா?

வேண்டாம். உருப்போட்டே தீர வேண்டியவை 11தான். மற்றவற்றில் பெரும்பாலானவற்றை ஊகித்துவிடலாம்.

முதலில் அந்த 11. இவற்றின் குறியீட்டுக்கும் ஆங்கிலப் பெயருக்கும் ஒட்டுறவே கிடையாது. பழைய பெயர்களிலிருந்து, பெரும்பாலும் லத்தீனிலிருந்து, வந்தவை. நேட்ரியம் என்பதால் சோடியம் என்-ஏ, கேலியம் என்பதால் பொட்டாசியம் கே. இரும்பு எஃப்-ஈ, செம்பு சி-யு, வெள்ளி ஏ-ஜி, தங்கம் ஏ-யு, பாதரசம் எச்-ஜி, வெள்ளீயம் எஸ்-என், ஆண்டிமணி எஸ்-பி, காரீயம் பி-பி. டங்ஸ்டனுக்கு டபிள்யூ, அதன் இன்னொரு பெயர் வோல்ஃப்ரம். ரத்தத்தில் சோடியம் குறைந்தால் ஹைப்போநட்ரீமியா, பொட்டாசியம் குறைந்தால் ஹைப்போகலீமியா என்று மருத்துவர்கள் சொல்வதும் இதே பெயர்களை வைத்துத்தான்.

மற்றவற்றுக்கு ஒரு தர்க்கம் இருக்கிறது. அதைப் பாடத்தில் ஏன் சொல்லிக்கொடுப்பதில்லை என்பது எனக்குப் புரிவதே இல்லை. எழுத்துக் குறியீடுகளைக் கொண்டுவந்தவர் சுவீடன் வேதியியலாளர் பெர்சீலியஸ், 1813-14 வாக்கில். அதற்கு முன் டால்டன் வட்டம் போட்டு உள்ளே புள்ளி, கோடு என்று வரைந்துகொண்டிருந்தார். எழுதவும் அச்சிடவும் எழுத்துகளே வசதி என்றார் பெர்சீலியஸ். இரண்டு உலோகங்களின் பெயர் ஒரே மாதிரி ஆரம்பித்தால், எந்த இடத்தில் அவை பிரிகின்றனவோ அந்த எழுத்தை இரண்டாவதாகச் சேர்ப்பது அவர் வகுத்த வழி.

இதைப் பிடித்துக்கொண்டால் வழக்கமாகக் குழப்பும் ஜோடிகள் தெளிந்துவிடும். மக்னீசியத்தையும் மாங்கனீசையும் ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். எம்-ஏ வரை ஒன்று. அடுத்து ஒன்றில் ஜி, மற்றதில் என். ஆகவே எம்-ஜி மக்னீசியம், எம்-என் மாங்கனீஸ். துத்தநாகமும் (ஆங்கிலத்தில் ஜிங்க்) சிர்கோனியமும் இசட்-ஐ வரை கூடவே வந்து, என் ஒரு பக்கம், ஆர் ஒரு பக்கம் பிரிகின்றன. குளோரின், குரோமியத்துக்கும் இதே கதைதான். எல்லா இடத்திலும் இது கச்சிதமாகப் பொருந்தாது, ஆனால் தேர்வில் அதிகம் வருகிற இடங்களில் கைகொடுக்கும்.

ஓரெழுத்துக் குறியீடுகள் 14 மட்டுமே. ஜே, க்யூ இரண்டும் தனிம அட்டவணையில் எங்குமே வராது.

பெரிய எழுத்து, சின்ன எழுத்து விஷயத்தில் மட்டும் அலட்சியம் கூடாது. சி பெரியதாகவும் ஓ சின்னதாகவும் இருந்தால் கோபால்ட். இரண்டும் பெரியதென்றால் கார்பன் மோனாக்சைடு, அது தனிமமே அல்ல. எச்-எஃப் கூட அப்படித்தான்: எஃப் சின்னதானால் ஹாஃப்னியம் என்ற உலோகம், பெரியதானால் ஹைட்ரஜன் ஃபுளூரைடு.

முதல் 20 தனிமங்களை வாக்கியமாக்கி ராகம்போட்டுச் சொல்லும் உத்தியைப் பலரும் சிபாரிசு செய்வார்கள். அது அணு எண் வரிசைக்கு நல்லது. நடுவிலிருந்து ஒரு குறியீட்டைக் காட்டிக் கேட்டால், ஹைட்ரஜனிலிருந்து மறுபடி ஓட்டிக்கொண்டு வர வேண்டியிருக்கும். அதைவிட சேர்மங்களின் வாய்பாடுகளைப் படித்துப் பழகுங்கள். சாப்பாட்டு உப்பு, சுண்ணாம்புக்கல், துரு, மயில்துத்தம் ஆகிய நான்கின் வாய்பாடுகளை எழுதிப் பார்த்தாலே சோடியம், குளோரின், கால்சியம், கார்பன், ஆக்சிஜன், இரும்பு, செம்பு, கந்தகம் எல்லாம் வந்துவிடும். துருவில் நீரும் சேர்ந்திருப்பதால் ஹைட்ரஜனும் கிடைக்கும்.

அட்டவணைக்குக் கீழே தனியாகக் கிடக்கும் அந்த இரண்டு வரிசைகளை, தேர்வில் கேட்டாலொழிய, இப்போதைக்கு விட்டுவிடலாம்.