ஜியோகேஷிங்குக்கு, அதாவது ஒளிச்சு வச்ச டப்பாவ ஜிபிஎஸ் வச்சு தேடுற விளையாட்டுக்கு, இரும்புல ஒட்டி வைக்கிற சின்ன காந்த டப்பா வீட்டுலயே செய்ய முடியுமா? பினாங்கு மழைக்கும் கடல்காத்துக்கும் தாங்குமா?

தாராளமா செய்யலாம். ரப்பர் வளையம் போட்ட திருகு மூடி குழாய் டப்பா ஒண்ணு, நியோடிமியம் காந்தம் (சின்னதா இருந்தாலும் பலமா இழுக்குற ரகம்), ரெண்டு டியூப் கலக்குற எபாக்ஸி பசை, அவ்ளோதான். ஹாட் க்ளூ மட்டும் வேண்டவே வேண்டாம், மத்தியான வெயில்ல டப்பா ஒட்டி வச்ச இரும்பு கம்பி கொதிக்கும்போது அது இளகி டப்பா கீழ விழுந்துடும், காந்தத்துக்கு ஒண்ணும் ஆகாது, சாதாரண ரகமே கிட்டத்தட்ட 80 டிகிரி வரைக்கும் தாங்கும்.

காந்தத்தோட உண்மையான எதிரி துருதான். மேல இருக்குற நிக்கல் பூச்சு கொஞ்சம் கீறினாலே போதும், பினாங்கு கடற்கரையில பாடாங் கோத்தா பக்கம் உப்புக்காத்துல உள்ள இருக்குற இரும்பு பொரிஞ்சு உதிரும். அதனால காந்தத்த டப்பாக்கு உள்ள அடியில வச்சு, அது மேல எபாக்ஸி ஊத்தி முழுசா மூடிடுங்க, ஒட்டுறதுக்கு முன்னாடி பிளாஸ்டிக்க உப்புத்தாள்ல நல்லா தேய்ச்சுக்கணும். நடுவுல பிளாஸ்டிக் வர்றதால இழுவை குறையும், அதுக்காக கொஞ்சம் பெரிய காந்தமா வாங்குங்க.

வைக்கப்போற இடத்துல முதல்ல காந்தத்த வச்சு பாருங்க, அலுமினியத்துல ஒட்டாது, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்லயும் நிறைய ரகத்துல ஒட்டாது. வேற யாராவது ஒளிச்சு வச்ச கேஷ் (டப்பா) பக்கத்துல இருந்தா, அதுலருந்து குறைஞ்சது 161 மீட்டர் தள்ளி வைக்கணும், இது விளையாட்டோட விதி. டப்பாவ கண்டுபிடிச்சவங்க பேரு எழுதுறதுக்கு உள்ள வைக்கிற தாள் நனையாத தாளா இருக்கட்டும், பென்சில்ல எழுத சொல்லுங்க, மை கரைஞ்சிடும்.

வீட்டுல சின்ன பிள்ளைங்க இருந்தா மிச்ச காந்தத்த பூட்டி வைங்க, ரெண்டு மூணு முழுங்கிட்டா குடல்ல ஒண்ணோட ஒண்ணு ஒட்டி உயிருக்கே ஆபத்து.